பழைய கணிப்பொறிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

பள்ளிக்கரணையில், வேளச்சேரி–தாம்பரம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில் என் தங்கையின் வீடு இருக்கிறது. அவ்வீட்டுக் கூடத்து மேசைமேல் ஒரு கணிப்பொறி உண்டு. ஏதோ ஓர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்று, ரிச்சி தெருக் கடை ஒன்றுக்கு வந்து, அங்கிருந்து 2019-இல் இங்கே வந்து சேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மேசைமேல் இருந்த ஒரே காரணத்தால் இது பிழைத்தது.

என் தங்கை மகன் பாலிடெக்னிக்கில் முதலாண்டு படிக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். முப்பரிமாணப் படங்களை உருவாக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கென்று விலையில்லாமல் கிடைக்கும் மென்பொருள் பிளெண்டர். அதைத்தான் அவன் நிறுவியிருந்தான். ஆனால் மென்பொருள் திறக்கவே இல்லை. ‘ஓப்பன்-ஜி.எல். 4.3 தேவை’ என்ற பொருள்பட ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது.

“மாமா, கிராபிக்ஸ் கார்டு மாத்தினாத்தான் இது ஓடும்னு பசங்க சொல்றாங்க. அப்பா 12 ஆயிரம் தர்றேன்னு சொல்லிட்டார். செகண்ட் ஹேண்டுல ஒரு 1060 பார்த்து வெச்சிருக்கேன். வாங்கிடலாமா?” என்றான்.

அவன் தந்தை சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். அந்த 12 ஆயிரம் ரூபாய் அவர் பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்தது. தவறான பொருளை வாங்கிவிட்டால் மறுபடி வாங்க வழியில்லை. ஆகவே அன்று நாங்கள் கடைக்குப் போகவில்லை. ஒரு ஸ்குரூ டிரைவரையும் ஒரு ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு கணிப்பொறியின் முன் உட்கார்ந்தோம். அன்று மாலை நாங்கள் கண்டறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். பழைய கணிப்பொறி வைத்திருக்கும் வாசகர்கள் பலருக்கும் இவை பயன்படும்.

கோலமும் கணிப்பொறித் திரையும்

கிராபிக்ஸ் கார்டு என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

கணிப்பொறித் திரை என்பது ஒரு பெரிய புள்ளிக் கோலம். இன்றைய சாதாரணத் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 வரிசைகள். மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் கலவை. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் உண்டு. எனவே ஒரு புள்ளி 1,67,77,216 நிறங்களில் ஏதேனும் ஒன்றை ஏற்கலாம்.

இந்தக் கோலத்தை ஒரு முறை போட்டால் போதாது. வினாடிக்கு 60 முறை போட வேண்டும். அப்போதுதான் அசைவு நம் கண்ணுக்குத் தொடர்ச்சியாகத் தெரியும். அதாவது வினாடிக்கு 12 கோடியே 44 லட்சத்து 16 ஆயிரம் புள்ளிகள்! புள்ளிக்கு 4 பைட் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 50 கோடி பைட் தகவல் ஒவ்வொரு வினாடியும் திரைக்குப் போயாக வேண்டும்.

முப்பரிமாணப் படம் என்றால் வேலை இன்னும் கூடும். ஒரு பறவையின் உருவத்தைக் கணிப்பொறி ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகவே வைத்திருக்கிறது. பறவையைச் சற்றே திருப்பினால் எல்லா முக்கோணங்களின் மூலைகளும் புது இடத்துக்குப் போகின்றன. ஒரு மூலையின் புது இடத்தைக் கண்டறிய, பொதுவாக 16 பெருக்கல்கள் வேண்டும். 50 ஆயிரம் மூலைகள், வினாடிக்கு 60 முறை என்றால் 4 கோடியே 80 லட்சம் பெருக்கல்கள். இது இடத்தைக் காண மட்டும்தான். ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே படிகிறது என்ற கணக்குகள் இதன் பிறகே தொடங்குகின்றன.

கணிப்பொறியின் மையச் செயலி ஒரு கைதேர்ந்த கோலக்காரி போன்றது. எவ்வளவு சிக்கலான கோலமானாலும் யோசித்துப் போடுவாள். ஆனால் அவள் ஒருத்தி. மிஞ்சினால் உடன் மூவர். என் மருமகனின் கணிப்பொறியில் இருப்பது நான்கு உட்கருக்கள் கொண்ட செயலி. கிராபிக்ஸ் கார்டிலோ நூற்றுக்கணக்கான சிறுமிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தனித்தனியே பார்த்தால் பெரிய திறமைசாலிகள் அல்லர். ஆனால் ‘இந்தக் கணக்கைப் போட்டு, வரும் நிறத்தை உங்கள் புள்ளியில் வையுங்கள்’ என்று ஒரே கட்டளை கொடுத்தால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் செய்து முடிப்பார்கள். ஒரு புள்ளியின் நிறத்தைக் காண, பெரும்பாலும் அடுத்த புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்தக் கூட்டுவேலை சாத்தியமாகிறது. சிறிய கார்டு ஒன்றில் 384 கணக்கு உறுப்புகள் இருக்கும். பெரிய கார்டுகளில் பல ஆயிரம்.

கார்டு இல்லாமலே படம் தெரிகிறதே?

‘எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் தனிக் கார்டு ஏதும் இல்லை, ஆனாலும் படம் தெரிகிறதே’ என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். இப்போதைய செயலிகள் பலவற்றின் உள்ளேயே ஒரு சிறு வரைகலைப் பகுதி இருக்கிறது. கடிதம் எழுத, கணக்குப் போட, திரைப்படம் பார்க்க இது போதும்.

ஆனால் இதற்குச் சொந்த நினைவகம் இல்லை. கணிப்பொறியின் பொது நினைவகத்திலேயே ஒரு பங்கைக் கடன் வாங்கிக்கொள்கிறது. செயலியும் வரைகலைப் பகுதியும் ஒரே குழாயடியில் குடம் வைக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தக் குழாயின் அகலம் இங்கே முக்கியம்.

என் மருமகனின் கணிப்பொறியில் 4 ஜி.பி. ராம் ஒன்று மட்டும் செருகப்பட்டிருந்தது. அது டி.டி.ஆர்.3 வகை, 1600 வேகம். அதன் வழியாக வினாடிக்கு அதிகபட்சம் 12.8 ஜி.பி. தகவல் போகலாம். அதேபோன்ற இன்னொரு ராமை அடுத்த வரிசையில் செருகினால் இரண்டு குழாய்கள் கிடைத்தது போலாகும்: 25.6 ஜி.பி. கார்டு வாங்கும் முன்பே, மிகக் குறைந்த செலவில் வரைகலை வேகத்தைக் கூட்டும் வழி இது. பிளெண்டருக்குக் குறைந்தது 8 ஜி.பி. நினைவகம் வேண்டும். ஆகவே எங்கள் பட்டியலில் முதலில் ஏறியது கார்டு அல்ல, ராம்தான்.

வேகக் குறைவா, மொழி தெரியாமையா?

ஆனால் பிளெண்டர் திறக்க மறுத்ததற்குக் காரணம் நினைவகமும் அல்ல, வேகமும் அல்ல. அந்த அறிவிப்பைக் கவனமாகப் படித்தால் இது விளங்கும்.

மென்பொருளும் வரைகலைப் பகுதியும் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டும். அத்தகைய மொழிகளுள் ஒன்று ஓப்பன்-ஜி.எல். அவ்வப்போது அதில் புதுச் சொற்கள் சேர்ந்தன. பதிப்பு எண் உயர்ந்தது. 4.0 பதிப்பு 2010 மார்ச்சில் வந்தது. 4.3 பதிப்பு 2012 ஆகஸ்டில் வந்தது. என் மருமகனின் கணிப்பொறியில் இருப்பது இன்டெல் நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறை கோர் ஐ-5 செயலி. அந்தத் தலைமுறை விற்பனைக்கு வந்தது 2012 ஏப்ரலில். அதனுள் இருக்கும் வரைகலைப் பகுதிக்கு விண்டோஸில் 4.0 வரைதான் தெரியும். பிளெண்டரோ 2023 நவம்பரில் வெளியான தன் 4.0 பதிப்பிலிருந்து, ஓப்பன்-ஜி.எல். 4.3 தெரிந்தவர்களோடு மட்டுமே பேசுவேன் என்று சொல்லிவிட்டது. நான்கு மாத இடைவெளியில் இந்தக் கணிப்பொறி வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது!

இங்கே செலவில்லாத ஒரு வழியும் உண்டு. 2023 ஜூனில் வெளியான பிளெண்டர் 3.6 பதிப்புக்கு ஓப்பன்-ஜி.எல். 3.3 இருந்தாலே போதும். அதை இறக்கி நிறுவினோம், உடனே திறந்தது. தனியாகக் கற்றுக்கொள்பவர்கள் இதோடு நின்றுவிடலாம். ஒரு காசும் செலவாகாது. எங்களுக்கு ஒரு தடை இருந்தது. கல்லூரிக் கூடத்தில் புதிய பதிப்பு இருக்கிறது. அங்கே செய்து சேமித்த கோப்பை வீட்டில் பழைய பதிப்பில் திறந்தால் சில பகுதிகள் சரியாக வருவதில்லை. ஆகவே கார்டு வேண்டும் என்பது உறுதியாயிற்று. எந்தக் கார்டு என்பதுதான் கேள்வி.

இதற்கு நான்கு அளவுகளைப் பார்க்க வேண்டும்.

முதல் அளவு: பெட்டியும் ஸ்லாட்டும்

மின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். மதர்போர்டில் நீளமான ஒரு ஸ்லாட் இருந்தது. இது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எனப்படுவது, 2003-இல் அறிமுகமானது. அதற்கு முன் சில ஆண்டுகள் ஏ.ஜி.பி. என்னும் ஸ்லாட் வழக்கில் இருந்தது. உங்கள் கணிப்பொறியில் ஏ.ஜி.பி. இருந்தால் அதில் இன்றைய கார்டு எதுவும் பொருந்தாது.

பி.சி.ஐ. எக்ஸ்பிரஸின் சிறப்பு, புதிய கார்டும் பழைய ஸ்லாட்டும் ஒத்துப்போவதுதான். துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு திசையில் வண்டிகள் பல தடங்களில் போகின்றன. இந்த ஸ்லாட்டிலும் அதுபோல 16 தடங்கள் உண்டு. முதல் தலைமுறையில் தடம் ஒன்றுக்கு வினாடிக்கு 250 எம்.பி., இரண்டாம் தலைமுறையில் 500 எம்.பி., மூன்றாம் தலைமுறையில் ஏறத்தாழ 985 எம்.பி. தகவல் போகும். புதிய கார்டைப் பழைய ஸ்லாட்டில் செருகினால் இரண்டும் பழைய வேகத்துக்கு இறங்கி ஒத்துழைக்கும்.

ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சில சிறிய கார்டுகள் 16 தடங்களையும் பயன்படுத்துவதில்லை. 4 தடங்களில் மட்டுமே ஓடுகின்றன. 2022-இல் வந்த ஆர்.எக்ஸ். 6400 அத்தகையது. அது நான்காம் தலைமுறை ஸ்லாட்டுக்காகச் செய்யப்பட்டது. பழைய ஸ்லாட்டில் செருகினால், இருப்பதே 4 தடம், அதிலும் வேகம் பாதி என்றாகிவிடுகிறது. கார்டின் சொந்த நினைவகம் நிரம்பும்போது இந்த நெருக்கடி நன்றாகத் தெரியும்.

அடுத்து ஸ்கேல். முழு உயரக் கார்டு ஏறத்தாழ 11 செ.மீ. உயரம். அலுவலகங்களிலிருந்து வரும் ஒல்லியான பெட்டிகளில் இது நுழையாது. அவற்றுக்கு 7 செ.மீ.க்கு உட்பட்ட ‘லோ புரொபைல்’ கார்டுதான் சரி. எங்களுடையது ஒல்லிப் பெட்டி. மருமகன் பார்த்து வைத்திருந்த ஜி.டி.எக்ஸ். 1060 முழு உயரக் கார்டு. இரண்டு ஸ்லாட் அகலமும் வேண்டும். அவன் ஸ்கேலை வைத்து அளந்தான். ஒரு நிமிடம் பேசவில்லை. “நல்லவேளை மாமா, இன்னும் அட்வான்ஸ் குடுக்கல” என்றான்.

இரண்டாம் அளவு: மின்சாரம்

நான்கு அளவுகளில் மிக முக்கியமானது இதுதான். மற்றவற்றில் தவறினால் பணம் போகும். இதில் தவறினால் கணிப்பொறியே போய்விடலாம்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றிக் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெட்டி. அதன் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். எங்களுடையதில் 240 வாட் என்றிருந்தது.

கணக்குப் போடுவோம். செயலிக்கு 77 வாட். மதர்போர்டு, ராம், விசிறி ஆகியவற்றுக்கு உத்தேசமாக 35 வாட். ஹார்ட் டிஸ்க்குக்கு 10 வாட். மொத்தம் 122. ஜி.டி.எக்ஸ். 1060 கார்டுக்கு மட்டும் 120 வாட் வேண்டும். கூட்டினால் 242 வாட். பெட்டி தரும் முழுத்திறனையும் தாண்டிவிட்டது! எந்த மின்பெட்டியையும் எப்போதும் அதன் உச்சத்தில் ஓட்டக் கூடாது. நான்கில் ஒரு பங்காவது மீதம் வைப்பது நல்லது.

கார்டுக்கு மின்சாரம் இரு வழிகளில் வரும். ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டிய கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும். 6 ஊசி இணைப்பு மேலும் 75 வாட்டும், 8 ஊசி இணைப்பு 150 வாட்டும் தரும். எங்கள் பெட்டியில் அத்தகைய வயரே இல்லை. ஹார்ட் டிஸ்க்கின் வயரைப் பிரித்து 6 ஊசியாக்கும் மலிவான மாற்றிகள் கடையில் கிடைக்கின்றன. சிறிய எஸ்.எம்.பி.எஸ். உள்ள கணிப்பொறியில் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம். அந்த மெல்லிய வயரும் இணைப்பும் இந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சூடாகி உருகிவிடக் கூடும். சில ஒல்லிப் பெட்டிகளில் ஸ்லாட்டுக்கே 75 வாட்டுக்குக் குறைந்த வரம்பு உண்டு. கணிப்பொறியின் கையேட்டில் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிவிடலாமே என்றால், ஒல்லிப் பெட்டிகளில் அதன் வடிவமே தனி. பொதுவான அளவுப் பெட்டி உள்ளே நுழையாது. பெரிய பெட்டி வைத்திருப்பவர்கள் மாற்றலாம். ஆனால் மேலே கொட்டை எழுத்தில் உள்ள வாட் எண்ணை நம்பாமல், சீட்டில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். மேலே 450 வாட் என்று போட்டிருக்கும். 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர் என்றிருக்கும். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192. கார்டும் செயலியும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான் உண்கின்றன. ஆகவே அவற்றுக்குக் கிடைப்பது 450 அல்ல. 192 வாட் மட்டுமே.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு வயதும் ஒரு குறை. அதனுள் உள்ள மின்தேக்கிகளில் ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல உலர்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் மின்தேக்கியின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் சென்னைப் புறநகரில் இதை மறக்கக் கூடாது. மதர்போர்டில் உள்ள மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால் அந்தக் கணிப்பொறிக்கு மேலும் செலவு செய்ய வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். மின் இணைப்பைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மூன்றாம் அளவு: காற்று

கார்டு உண்ணும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. 75 வாட் கார்டு என்றால், பழைய குண்டு பல்பு ஒன்றைப் பெட்டிக்குள் எரிய விட்டதற்குச் சமம். அந்த வெப்பம் வெளியேற வழி வேண்டும். எங்கள் பெட்டியின் முன்பக்கத் துளைகளைத் தூசி கம்பளம் போல் மூடியிருந்தது. மெல்லிய பிரஷ்ஷால் அதை நீக்கியதிலேயே விசிறியின் இரைச்சல் குறைந்தது.

சூடு மிஞ்சினால் கார்டும் செயலியும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றோட்டம் இல்லாத பெட்டியில் பெரிய கார்டைப் போட்டவர், காசு கொடுத்து வாங்கிய வேகத்தை வெப்பத்திடம் இழக்கிறார்.

நான்காம் அளவு: உடன் வேலை செய்பவர்கள்

எவ்வளவு பெரிய கார்டானாலும் அதற்கு வேலை எடுத்துக் கொடுப்பது மையச் செயலிதான். செயலி மெதுவானால் கார்டு கைகட்டி நிற்கும். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. உங்களுக்குத் தேவையான வேலையை ஓட விட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். செயலி 100 விழுக்காட்டைத் தொட்டு, வரைகலைப் பகுதி பாதியில் நின்றால், கார்டை மாற்றிப் பயன் குறைவு. நினைவகம் நிரம்பியிருந்தால் முதலில் ராம். கணிப்பொறி கிளம்பவே 3 நிமிடம் ஆகிறது என்றால், குறை பழைய ஹார்ட் டிஸ்க்கில். அதற்கு மருந்து எஸ்.எஸ்.டி.; கிராபிக்ஸ் கார்டு அல்ல.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நான்கு அளவுகளும் எங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தன: லோ புரொபைல், தனி வயர் தேவையில்லாதது, ஓப்பன்-ஜி.எல். 4.3-க்கு மேல் தெரிந்தது, குறைந்தது 2 ஜி.பி. நினைவகம் உள்ளது. 2017-இல் வந்த ஜி.டி. 1030 இவற்றுக்கெல்லாம் பொருந்துகிறது. அது உண்பது 30 வாட் மட்டுமே. எங்கள் கணக்கு 152 வாட்டில் நின்றது.

ஆனால் இந்த ஒரே பெயரில் இரு கார்டுகள் உள்ளன. முதலில் வந்ததில் இருப்பது ஜி.டி.டி.ஆர்.5 நினைவகம், வினாடிக்கு 48 ஜி.பி. தகவல் போகும். 2018-இல் அதே பெயரோடு டி.டி.ஆர்.4 நினைவகத்தில் இன்னொன்று வந்தது. அதில் ஏறத்தாழ 17 ஜி.பி. மட்டுமே. மேலே நாம் பார்த்த இரட்டை ராமின் 25.6 ஜி.பி.யைவிட இது குறைவு! அட்டைப்பெட்டியில் நினைவகத்தின் வகையைப் படிக்காமல் வாங்கியவர் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள குழாயை வாங்கியவராவார்.

மேலும் மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று: திரையின் இணைப்பு. பழைய திரைகளில் நீல நிற வி.ஜி.ஏ. இணைப்பு மட்டும் இருக்கும். புதிய கார்டுகளில் அது இருப்பதில்லை. வெறும் வயர் மாற்றி போதாது, எச்.டி.எம்.ஐ. தகவலை வி.ஜி.ஏ.வாக மாற்றும் மின்சுற்றுள்ள மாற்றி வேண்டும்.

இரண்டு: தொடக்க மென்பொருள். 2012-க்கு முற்பட்ட மதர்போர்டுகள் பலவற்றில் பழைய பயாஸ் முறைதான் உண்டு. அதற்குப் பின் வந்த யூ.இ.எப்.ஐ. முறையை மட்டுமே அறிந்த புதிய கார்டை அவற்றில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கலாம். கடைக்காரரிடம், ஒத்துவராவிட்டால் திருப்பித் தரும் பேச்சோடு வாங்குங்கள்.

மூன்று: கார்டின் வயது. ஜி.டி. 1030, ஜி.டி.எக்ஸ். 1060 ஆகிய தலைமுறைக்குப் புது வசதிகள் தரும் டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் சில காலம் வரும். நீண்ட காலம் வேண்டுவோர், பெட்டியும் மின்சாரமும் இடம் கொடுத்தால், அடுத்த தலைமுறையின் 75 வாட் ஜி.டி.எக்ஸ். 1650-ஐப் பார்க்கலாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எந்தக் கார்டும் இதைச் சரிசெய்யாது. இத்தகைய கணிப்பொறிகளில் லினக்ஸைப் போட்டுக்கொள்வது நல்ல வழி.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குவோர் ஒன்றை அறிய வேண்டும். எதீரியம் என்னும் மின்னணு நாணயத்தைக் ‘தோண்ட’ இரவும் பகலும் ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பர் 15-இல் அம்முறை மாறியதும் உலகெங்கும் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. எனவே விசிறி ஆடாமல் சுழல்கிறதா, பத்து நிமிட முழுச்சுமையில் படம் சிதறாமல் இருக்கிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

பொருத்தும் முறை

மின் வயரைக் கழற்றுங்கள். பிறகு பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்தினால் மதர்போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் ஏறத்தாழ 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் நமக்குச் சுரீர் என்று தெரியும். அதைவிடக் குறைந்த அளவே நுண்சில்லைக் கெடுக்கப் போதும்.

பின்புறத் தகட்டை நீக்கி, கார்டை இரு முனையிலும் சமமாக அழுத்திச் செருகுங்கள். ஸ்லாட்டின் கோடியில் உள்ள கொக்கி ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். கார்டின் தங்கமுலாம் பூசிய பற்களைக் கையால் தொட வேண்டாம். ஸ்குரூவை முடுக்கி, பெட்டியை மூடி, திரையின் வயரைப் புதிய கார்டின் இணைப்பில் மாட்டுங்கள். பழைய இடத்திலேயே மாட்டிவிட்டுக் கார்டு வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுக்க ஓடுபவர்கள் உண்டு. கடைசியாக டிரைவரை நிறுவினால் வேலை முடிந்தது.

மாற்றாமல் காப்பதும் ஒரு லாபம்

ராமும் கார்டும் மாற்றியும் தங்கை கணவர் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் மீந்தது. வேறொரு லாபமும் உண்டு. ஒரு மேசைக் கணிப்பொறியையும் திரையையும் உருவாக்கக் குறைந்தது 240 கிலோ எரிபொருளும் 22 கிலோ வேதிப்பொருள்களும் 1,500 கிலோ தண்ணீரும் செலவாகின்றன என்று ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. 2004-இல் பரவலாகப் பேசப்பட்ட கணக்கு அது. ஒரு கணிப்பொறியை மேலும் நான்காண்டு ஓட வைத்தால் அந்தச் செலவு அத்தனை காலம் தள்ளிப் போகிறது.

பள்ளிக்கரணைக்காரர்களுக்கு இது இன்னும் அருகில் உள்ள செய்தி. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஏறத்தாழ 1,248 எக்டேர் பரப்புடையது. அந்த ஈரநிலத்தின் மேலேயேதான் பெருங்குடிக் குப்பைமேடும் பல்லாண்டுகளாக வளர்ந்தது. பழைய மின்சுற்றுப் பலகைகளின் பற்றாசில் ஈயம் கலந்திருக்கும். செம்புக்காக வயரைத் திறந்த வெளியில் எரித்தால் நச்சுப் புகை வரும். ஆகவே பழுதான எஸ்.எம்.பி.எஸ்., கார்டு, ராம் ஆகியவற்றை வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அவை சேர வேண்டும். நல்ல நிலையில் உள்ளதைத் தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடலாம்.

சென்ற வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பிளெண்டரின் புதிய பதிப்பு திறந்திருந்தது. சதுப்புநிலத்துக்கு வலசை வரும் பூநாரை ஒன்றை மருமகன் உருவாக்கிக்கொண்டிருந்தான். திருப்பினால் தடங்கலின்றித் திரும்புகிறது. ஒளியும் நிழலும் சேர்ந்த இறுதிப் படம் வர மட்டும் இன்னும் வெகுநேரம் ஆகிறது. இரவில் ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போகிறானாம்.

“1060 இருந்தா சீக்கிரம் வந்திருக்கும், இல்ல மாமா?” என்றான்.

“வந்திருக்கும்டா, அது இந்தப் பெட்டிக்குள்ள போயிருந்தா” என்றேன்.

அவன் தன் வகுப்புத் தோழன் ஒருவனின் கணிப்பொறியைப் பார்க்கக் கிளம்பினான். கையில் ஸ்கேலை எடுத்துக்கொண்டுதான் போனான்.